உள்ளறைப் படத்தை ஏலத்தில் விட்ட மகனுக்கு

மகன்,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். உன் சுகத்தை நான் பேப்பரில் பார்த்துக்கொண்டேன். கோட்டுப் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறாய். நல்ல சுகம்தான். இனி இங்குள்ள சுகத்தைச் சொல்கிறேன், கேள். உன் அக்கா வாணியின் புருஷன் யோகனுக்கு இடது கண் போய்விட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார்கள். கண்ணாடித் துண்டு ஆழமாய் இறங்கியிருந்ததால் கண்ணை எடுத்துவிட்டுத்தான் தைத்தார்கள். மேசன் வேலை செய்கிறவனுக்கு ஒரு கண் போனால் சுவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்றே பிடிபடாதாம். போன கிழமை ஓட்டமாவடியில் ஒரு வேலைக்குப் போனவன், சாரப் பலகையில் கால் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் வைத்து விழுந்து, தோளையும் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இதுதான் எங்கள் சுகம்.

உனக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை. பெற்ற தகப்பனின் குரலைக் கேட்க உனக்கு நேரமில்லை, பேப்பர்காரருக்கு அரைப் பக்கம் பேச நேரமிருக்கிறது. ஆகவே நானும் அதே பேப்பருக்கு எழுதுகிறேன். இதை நீ வேலை செய்கிற கந்தோரில் வாசிப்பார்கள், உன்னைக் கோட்டுப் போட வைத்தவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நீ ஊருக்கு முன்னால் பேசினாய், நானும் ஊருக்கு முன்னால்தான் பேசுவேன்.

நீ என்ன சொன்னாய்? அந்த மகா ஓவியர் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார், என் தாயைக் கண்ணகியாக நிற்க வைத்துக் கறுப்பு மையில் கீறினார், அம்மா செத்த பிறகு குடும்பமாக உட்கார்ந்து பேசி, இது ஒரு வீட்டுச் சுவரில் முடங்கிக் கிடக்கக்கூடாது, உலகம் பார்க்கட்டும் என்று ஏலத்துக்குக் கொடுத்தோம் என்று சொன்னாய். அடேயப்பா! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? அவர் தங்கியிருந்ததும் கீறியதும் மட்டும்தான் உண்மை. மற்றதெல்லாம் நீ கட்டிய மாலை. உன் அம்மா யாருக்கும் முன்னால் அப்படி நின்று கொடுத்தவள் அல்ல. எந்தக் குடும்பம் கூடிப் பேசியது? எந்தப் பாயில் உட்கார்ந்து பேசியது? படம் போன அன்றைக்கு நம் வீட்டில் பேச்சு நடக்கவில்லை. அடிதான் நடந்தது. அதில் விழுந்தவன் யோகன், அடித்தவன் நீ.

முதலிலிருந்தே சொல்கிறேன். வெளியூர்க்காரர் வாசிப்பார்கள் என்பதால் நம் வழக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணுக்கு. தாய் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். ஆம்பிளையாய்ப் பிறந்தவனுக்கு முதலில் தாயின் கூரை, பிறகு பெண்சாதியின் கூரை. தன் கூரை என்று ஒன்று கிடையாது. நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசும் சைக்கிளுமாக உன் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன். அதில் எனக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை. மழைக்கு நனையாமல் படுக்கிறவனுக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன? இது தெரிந்துதான் நம் ஊர் ஆம்பிளைகள் சத்தம் குறைத்துப் பேசப் பழகிக்கொள்கிறார்கள். பழகாதவர்கள் அடி வாங்குகிறார்கள்.

அப்படி அடி வாங்கியவர்தான் உன் தாய்மாமன் சிவம். நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, ரோட்டில் தடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம். நீ பாலர் வகுப்பில் இருந்தாய். நான் கடதாசித் தொழிற்சாலையில் வெட்டுப் பகுதியில் வேலை. அந்த நாளில்தான் கொழும்பிலிருந்து சித்திரம் கீறுகிற ஐயா வந்து, கண்ணகி அம்மன் சடங்கு முடியும் வரைக்கும் என்று நம் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். சிங்கள மனிதர், வயதானவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். இவர் பெரிய ஆள், வெளிநாட்டிலெல்லாம் இவர் படம் தொங்குகிறது என்பது நமக்கு யாருக்குத் தெரியும்? சாறனைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் தன் சேட்டைத் தானே துவைத்த மனிதர் அவர். நான் தொழிற்சாலையிலிருந்து கழிவாக வந்த வைக்கோல் கடதாசித் தாள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மஞ்சளாய், தடிப்பாய், சொரசொரப்பாய் இருக்கும். அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

சிவம் மாமாவுக்கு அப்போது வெளிநாட்டுப் பைத்தியம். கூட்டாளிகளெல்லாம் போய்விட்டார்கள், தானும் போக வேண்டும், அதற்கு அக்கா வீட்டை ஈடு வைக்க வேண்டும் என்று நாள்தோறும் வந்து நின்றார். உன் அம்மா முடியாது என்றாள். ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நன்றாகக் குடித்துவிட்டு, தேங்காய் வெட்டுகிற கத்தியோடு வந்திருக்கிறார். உறுதியைத் தா என்றிருக்கிறார். அவள் மா இடித்துக்கொண்டிருந்தாளாம். உலக்கையைக் கீழே வைக்காமலே சொல்லியிருக்கிறாள்: "இது என்ட புள்ளைக்குரிய வீடு. இதுக்க உனக்கு ஒரு ஓடும் இல்ல." அவ்வளவுதான். மனுஷன் பாய்ந்து, அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றி, உரலோடு சேர்த்து அடித்து, முற்றம் முழுக்க இழுத்திருக்கிறார். பிடுங்கி ஓடப் பார்த்தபோது சட்டை தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்துபோயிற்று. உன் அக்கா கத்திக்கொண்டு குறுக்கே ஓடிவர, கத்தி அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த இடத்தில்தான் உன் அம்மா உலக்கையை ஓங்கினாள். முதல் அடியில் கத்தி பறந்தது. இரண்டாவது அடி முழங்காலில். எலும்பு உடைந்த சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டதாம். அவள் அதோடு நிறுத்தவில்லை. மாமா தலையைப் பொத்திக்கொண்டு புழுதியில் சுருண்ட பிறகும் அடித்தாள்.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது முற்றத்து மணலில் இரத்தமும் மாவும் குழைந்து கிடந்தன. மாமா மயங்கிக் கிடந்தார். உன் அம்மா உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, தலை விரிந்தபடி, மூச்சு இறைக்க உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் தோளில் ஒரு துவாயைப் போட்டிருந்தார்கள். உன் அக்கா அவளுடைய முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாள். சித்திர ஐயா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிடந்த மனுஷனையே போய் மிதித்திருப்பேன். அவள்தான் வேண்டாமென்று தடுத்தாள். என் தம்பியை நான் அடித்தது போதும், நீங்கள் தொட வேண்டாம் என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். நான்தான் அடித்தேன், இந்த உலக்கையால்தான் அடித்தேன், அவன் என் கூடப்பிறந்த தம்பி என்று அவளே சொன்னாள். அங்கிருந்தவர்கள் கதையைக் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அனுப்புவார்கள் என்று தெரிந்து அவள் போகவில்லை. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுக்கச் சோறும் மீன் குழம்பும் அவள் கையால்தான் போயிற்று. இன்றைக்கும் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் அவர் நடக்கிறார். இன்றைக்கும் நம் வீட்டுச் சோறு அவருக்கு இறங்குகிறது.

சித்திர ஐயா மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் பாதி அப்படியே கிடக்கும். பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து உன் அம்மாவின் கையில் கொடுத்தார். என் வைக்கோல் கடதாசிதான். கறுப்பு மையும் சிரட்டைக் கரியும். ஒரு பெண் விரிந்த தலையோடு, கிழிந்த சட்டையோடு, ஒரு காலை முன்னால் வைத்து உலக்கையை ஓங்கி நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது. கீழே முகமில்லாமல் ஒருவன் சுருண்டு கிடக்கிறான். எனக்குக் கோபம் வந்தது, இந்த மனுஷன் என் பெண்சாதியை இந்தக் கோலத்தில் கீறுவதா என்று. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னார்: "தங்கச்சி, கீறாம இருக்க ஏலல்ல. ஆனா இது உங்கட. நான் கொண்டு போனா களவு." கேட்டாயா மகன்? கீறியவரே அதை எடுத்துப்போவது களவு என்றார்.

நான் அதை எரித்துவிடச் சொன்னேன். அவள் எரிக்கவில்லை. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக்கொண்டு வரச் சொன்னாள். முன்னறையில் மாட்டவில்லை. பெண்கள் படுக்கிற உள்ளறையில், கதவுக்குப் பின்னால், வந்துபோகிறவர்களின் கண் படாத சுவரில் மாட்டினாள். ஏன் இந்தக் கண்றாவியை வைத்துப் பார்க்கிறாய் என்று நான் சண்டை பிடித்தபோது, இது நான் பார்க்க இல்லை, வாணி பார்க்க என்றாள். ஒரு பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தால் போதாது, அதை எப்படிக் காப்பது என்றும் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. வாணிக்குக் கல்யாணம் முடிந்த அன்றைக்கே நானும் அவளும் எங்கள் பாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு வளவுக் கோடியில் போட்டிருந்த சின்ன வீட்டுக்குப் போய்விட்டோம், உனக்குத் தெரியும். அப்போது நான் படத்தைக் கழற்றப் போனேன். சுவரில் இருப்பது சுவரோடு என்று தடுத்துவிட்டாள். அந்த வார்த்தையோடு அந்தப் படம் உன் அக்காவுடையதாயிற்று.

நீ என்னடாவென்றால் உறுதியில் வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, படம் இல்லையே என்று வாதாடினாய். சட்டம் படித்தவன் மாதிரிக் கேட்டாய். உறுதியில் உன் அம்மாவின் மானத்தையும் எழுதவில்லை, அதற்காக அது உனக்கு வந்துவிடுமா? அவள் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்திருந்தபோது உள்ளறைக்குள் போய் அதை ஃபோனில் படம் பிடித்திருக்கிறாய். செத்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, உனக்கு அந்த வேலை. அதைக் கந்தோரில் யாரோ பார்த்து, ஐயோ இது இன்னாருடைய கையல்லவா என்று வாயைப் பிளந்திருக்கிறார்கள். அன்று தொடக்கம் உனக்கு ஊர் ஞாபகம் அடிக்கடி வரத் தொடங்கியது. வாணியிடம் கேட்டாய், அவள் தரமாட்டேன் என்றாள். அம்மாவை அந்தக் கோலத்தில் ஆம்பிளைகள் விலை பேசவா என்று கேட்டாள். அதனால்தான் அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து வான் வண்டியோடு வந்தாய்.

நான் சின்ன வீட்டு வாசலில் கதிரையில் இருந்தேன். நீ என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குள் போனாய். நானும் மடையன், மருமகப் பிள்ளையோடு கதைக்கப் போகிறாய் என்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. நான் வந்து பார்க்கும்போது யோகன் உள்ளறை வாசலில் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கையில் படத்தோடு நீ அறைக்குள்ளே. அவன் உன்னை ஏசவில்லை, தொடவில்லை. "உங்கட அக்கா வரட்டும் மச்சான். அவ தந்தா கொண்டு போங்க" என்றுதான் கெஞ்சினான். நீ படத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் முகத்தில் அறைந்தாய். சட்டத்தின் மூலை அவன் நெற்றியில், கண்ணாடி அவன் கண்ணில். விழுந்தும் அவன் விடவில்லை. உன் காற்சட்டையைப் பிடித்தான். நீ அவன் கையைச் சப்பாத்தால் மிதித்தாய், வயிற்றில் உதைத்தாய், அவனைக் கடந்து வந்தாய். என்னையும் கடந்து போனாய். உன் சேட்டில் அவன் இரத்தம் தெறித்திருந்தது. உடைந்த சட்டத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை உதறிக்கொண்டே போனாய், படத்துக்குக் கீறல் விழுந்துவிடுமே என்று.

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் ஓடினேன். இதைப் பேப்பரில் எழுத எனக்கு வெட்கமில்லை. வான் கொஞ்சம் பிந்தி வெளிக்கிட்டிருந்தால் உன் மண்டையைப் பிளந்திருப்பேன், இந்தக் கடிதத்தை மறியலில், கம்பிக்குப் பின்னால் இருந்துதான் எழுதியிருப்பேன். கைக்குக் கிடைக்காத ஆத்திரத்தில் உன் வானுக்கு எறிந்த கல், பின் கண்ணாடியில் பட்டதோ இல்லையோ தெரியவில்லை. பட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் ஆசைப்படுகிறேன்.

ஆட்டோவில் யோகனை என் மடியில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணைப் பொத்தியிருந்த துவாயிலிருந்து சூடாக வழிந்துகொண்டே இருந்தது. அந்த வலியிலும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, கண்ணாடி கழண்டு விழுந்ததெண்டு சொல்லுவம். தம்பிட கலியாணம் குழம்பிடும்" என்றான். நிச்சயமாகியிருந்த உன் கல்யாணத்தைத்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், பிறகு பொலிஸ் வந்து எழுதியபோதும், படம் மாட்டும்போது கை தவறி விழுந்தது என்றே சொன்னான். வாணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தால் அவள் அங்கேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது. சரி, அடிபட்டவனே வேண்டாம் என்கிறான், இவன் இரண்டொரு நாளில் வருவான், காலில் விழுவான் என்று பொறுத்தேன். நீ வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏலம். அக்காவின் பிள்ளை ஃபோனில் காட்டினாள். எனக்குத் தெரிந்த ஏலம் இரண்டு. ஒன்று துறையில் மீன் ஏலம், மற்றது கோயிலில் மாம்பழக் குலை ஏலம். இரண்டிலும் விற்கிற பொருள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்பில், குளிர் அறையில், வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் உன் அம்மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் நின்ற மனிதர், இவள் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கப்போகும் கண்ணகி என்றார். கிழிந்த சட்டையைத்தான் அப்படி விளங்கிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நீ சொல்லிக்கொடுத்த கதைதானே. ஆட்கள் கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டார்கள். கடைசியில் முகமே தெரியாத ஒருவர் ஃபோனில் எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். காசைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன், எழுதினால் கை நாறும்.

படத்தைப் பற்றி அவர்கள் போட்டிருந்த விபரத்தை வாணியின் பிள்ளை தமிழில் சொல்லித் தந்தாள். கடதாசி நன்றாக இருக்கிறதாம், கீழ் ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, காலப்போக்கில் வந்தது என்று எழுதியிருக்கிறார்களாம். பக்கத்தில் இருந்த யோகன் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கிணற்றடிக்குப் போனான். பின்னாலேயே நான் போய்ப் பார்க்க, வாளியில் தண்ணீர் அள்ளி அள்ளிக் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறான். அவன் இரத்தத்துக்கு வயதென்று பெயர் வைத்துவிட்டார்கள். இல்லை, நீ வைக்க விட்டாய்.

சிவம் மாமா அன்று பின்னேரம் வந்திருந்தார். நீ கீறல் படாமல் காப்பாற்றிக் கொண்டுபோன படத்தில் முகமில்லாமல் கிடக்கிறவர் அவர்தான். அவருக்கும் அந்த ஏலத்தைக் காட்டினோம். தான் அடிவாங்கிய காட்சிக்கு உலகம் கை தட்டுவதைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு யோகனின் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்தார். அப்போது சொன்னார்: "அக்கா என்ட கால உடைச்சா. மறுநாளே சோத்தோட வந்து நிண்டா. இவன் கண்ண எடுத்திட்டான், எப்பிடியெண்டு பாக்கவும் வரல்ல." அடிபட்ட மனிதன் சொன்ன கணக்கு இது, இதற்கு மேல் எனக்கு யாரும் நியாயம் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் அம்மா ஓங்கியது தன் பிள்ளையின் வாசலைக் காக்க. நீ ஓங்கியது அக்காவின் வாசலை உடைக்க. படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். உனக்கும் ஒன்று போலத் தெரிந்ததுதான் என் நெஞ்சு வெடிக்கிற சங்கதி.

கோபம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் போகவில்லை. இருபக்கமும் தாராளமாகக் கிடக்கிறது. என்னிடமும் இருக்கிறது, அவளிடம் என்னை விட இருந்தது. அதை அடக்கு என்று உனக்குப் புத்தி சொல்ல வந்தால் இந்த ஊர் சிரிக்கும். ஆனால் ஒன்று. வருகிற மாதம் நீ கல்லடியில் தர்சினியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். அது அவளுக்கு அவள் தாய் கொடுக்கிற வீடு. அங்கே ஒரு சுவர் இருக்கும், சுவரில் அவர்கள் ஏதோ மாட்டியிருப்பார்கள். உனக்கு அதன் பெறுமதி தெரியாமலிருக்கலாம், அல்லது அவர்களை விட நன்றாகத் தெரிந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அதில் கை வைக்காதே. சாவி தந்தால் வாங்கு, தராவிட்டால் கேட்காதே. வாசலில் யாராவது கையை விரித்துக்கொண்டு நின்றால், நில். அவர்களைத் தள்ளிக்கொண்டு போக உனக்குப் பலமிருக்கும். பலமிருக்கிற ஆம்பிளைக்குத்தான் நிற்கத் தெரிய வேண்டும். மற்றவன் எப்படியும் நிற்கத்தானே போகிறான்.

இதையெல்லாம் உனக்கு மட்டும் சொன்னால் போதாது என்று பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறித் தர்சினியின் வீட்டுக்குப் போனேன். வாணிக்கும் யோகனுக்கும் சொல்லவில்லை, சொன்னால் விட்டிருக்க மாட்டார்கள். சம்பந்தி அம்மா பலகாரத் தட்டோடு வந்தார். நான் தொடவில்லை. தங்கள் வீட்டுக்குள் யாரை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விடட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், சப்பாத்தைச் சொன்னேன். சம்பந்தி அம்மா அழத் தொடங்கிவிட்டார். தர்சினி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், யோகன் அண்ணன் விழுந்த பிறகு இவர் திரும்பிப் பார்த்தவரா என்று. எனக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது மகன். உனக்காக இல்லை, அந்தப் பிள்ளையின் முகத்துக்காக. ஆனால் இல்லை என்றேன். "அப்ப அவர் முதல்ல அக்காட வாசலுக்குப் போகட்டும், மாமா. அங்க உள்ளுக்கு எடுத்தா, மறுகா எங்கட வாசலுக்கு வரட்டும். அதுவரைக்கும் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட வேணாம்" என்றாள். உனக்கு வாய்க்கவிருந்தவள் எப்படிப்பட்டவள் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

நீ இப்போது என்னைத் திட்டுவாய். தகப்பனா இவன், மகனின் கல்யாணத்தைத் தானே போய்க் கெடுத்தவன் என்பாய். யோகன் மறைத்ததை நானும் மறைத்திருக்கலாம் என்பாய். மறைத்தேன்தானே, நீ பேப்பரில் சிரிக்கும் வரைக்கும். அவன் தன் கண்ணைக் கொடுத்து உன்னைக் காப்பாற்றினான். நீ அந்த இடத்தில் குடும்பமாகப் பேசி முடிவெடுத்தோம் என்று ஊருக்குச் சொன்னாய். அதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இரண்டாவது கண்ணை எடுத்தவன் நானாகியிருப்பேன்.

ஆகவே நேற்றுக் காலையில் பொலிசுக்குப் போனேன். சின்னப் பையன் ஒருவன் இருந்தான், நம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைதான். கண்ணாடி தானாக விழவில்லை, நான் கண்ணால் கண்ட சாட்சி, எழுதுங்கள் என்றேன். நடந்ததை விடாமல் எழுதினான். யோகன் வாசலில் நின்றதை எழுதினான், படத்தால் அறைந்ததை எழுதினான், கையை மிதித்ததை எழுதினான். அடித்தவன் பெயரைக் கேட்டான், உன் முழுப்பெயரைச் சொன்னேன். பெயரில் என் பெயரும் சேர்ந்து வருவதைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். ஆள் எனக்கு என்ன முறை என்று கேட்டான். மகன் என்றேன். பேனையை வைத்துவிட்டான். தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் ஐயா, எழுதினால் பிறகு அழிக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னான். நல்ல பிள்ளை.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "எனக்கு இருக்கிறது இந்த ஒரு மகன்தான், தம்பி. அதையும் சேர்த்து எழுதுங்க."

அப்பா